வீட்டில் வாத்தியச் சாதகம்: முட்டை அட்டை ஒலியைத் தடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் தவில், டிரம்ஸ் போன்ற பேரோசை எழுப்பும் வாத்தியங்களைப் பழகுகிறவர்கள் அறைச் சுவர் முழுவதும் முட்டை அட்டையோ ஃபோமோ ஒட்டிவிட்டால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இராது என்றும், அதைக்கூடச் செய்யாதவர்கள்மீது காவல் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைப் பற்றி அவர் கொண்ட அக்கறை நியாயமானது. ஆனால், அவர் காட்டிய வழி தவறானது. அந்த வழியில் போய் 38,000 ரூபாயை இழந்த ஒரு குடும்பத்துக்கு அடுத்த வீட்டில் நான் குடியிருக்கிறேன். இன்னும் பலர் அதே தொகையை இழப்பதைத் தடுக்க முடியுமானால் தடுக்க வேண்டும் என்றுதான், சற்று நீளமாக இருந்தாலும், இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் குத்தாலம் வட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தில், மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெரு, காவிரிக் கரை ஊர்களில் இன்னும் மிச்சமிருக்கிற பழைய தெருக்களில் ஒன்று. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று வாசலிலிருந்து வாய்க்கால் வரை நீளும் ஓட்டு வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே சந்து கிடையாது. ஒரே பொதுச்சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் நாகஸ்வரக் கலைஞர். அவருடைய மகனுக்கு இப்போது பதினேழு வயது. ஒன்பது வயதிலிருந்து தவில் பயில்கிறான். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் குருவின் வீடு என்று போய்விடுவதால், அவனுடைய சாதகம், அதாவது அன்றாட வாசிப்புப் பயிற்சி, விடியற்காலை நான்கு மணிக்குத்தான் தொடங்கும். பரம்பரையாக அந்த வீட்டில் அப்படித்தான்.

தவில் எவ்வளவு கனமான ஓசையை உடையது என்பதைக் கோயில் வாசலில் கேட்டவர்கள் அறிவார்கள். நான்கு சுவருக்குள் கேட்டவர்கள் குறைவு. பலா மரத்தைக் குடைந்த கட்டையில் இரண்டு பக்கமும் தோலை இழுத்துக் கட்டியிருக்கும். வலப்பக்கத் தோலான வலந்தலையை விரல்களில் மாட்டிய கெட்டியான கூடுகளாலும், இடப்பக்கத் தோலான தொப்பியைக் குச்சியாலும் அடிப்பார்கள். வலந்தலையின் நாதம் கூர்மையாகக் காதைத் துளைக்கும். தொப்பியின் அதிர்வு தாழ்ந்த சுரத்தில் தரையிலும் நெஞ்சிலும் இறங்கும். திறந்த வெளியில் நெடுந்தூரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே உருவான வாத்தியம் அது. என் மனைவிக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில், விடியற்காலைத் தூக்கம் கலைந்து நாள் முழுவதும் படபடப்போடு இருந்தாள். வேறு வழியில்லாமல் பையனின் அப்பாவிடம் நான் போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. “வாத்தியார் ஐயா, நீங்க சொல்ற அளவுக்கு விட்டுட்டேனே, மன்னிச்சுக்குங்க. பத்து நாள்ல ஒரு வழி பண்ணிடறேன்” என்றார்.

பண்ணினார். நகரத்திலிருந்து ஓர் ஆள் வந்து, கூடத்தை ஒட்டிய அறையில், பொதுச்சுவர் உட்பட நான்கு சுவரிலும் கூம்பு கூம்பாக இருக்கும் கறுப்பு ஃபோமை ஒட்டி, கதவுக்கு உட்புறம் தடித்த திரைச்சீலை ஒன்றையும் தொங்கவிட்டு, “இனிமேல் ஒரு பொட்டு சத்தம் வெளியே போகாது” என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் நான்கு மணிக்கு நான் விழித்தே இருந்தேன். முதல் அடி விழுந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நேற்று எப்படி அதிர்ந்ததோ அப்படியே அதிர்ந்தது. வலந்தலையின் கூர்மை மட்டும் ஓரளவு மழுங்கியிருந்தது. அந்தப் பக்கத்திலோ, தவிலில் நாதமே இல்லை, பஞ்சு மூட்டையில் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று பையன் சோர்ந்துபோனான். அதாவது, கேட்கக் கூடாதவர்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியவனுக்குக் கெட்டுப்போனது.

இங்கேதான் நம்மில் பெரும்பாலோர் குழம்புகிறோம். ஓர் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைப்பது வேறு. அறையை விட்டு ஒலி வெளியேறாமல் தடுப்பது வேறு. ஃபோம், கம்பளம், திரைச்சீலை, முட்டை அட்டை ஆகியவை முதல் வேலையைத்தான் செய்யும். அதிலும் முட்டை அட்டை அரைகுறையாகத்தான் செய்யும். ஒலிப்பதிவுக் கூடங்களின் படங்களில் சுவரெல்லாம் ஃபோம் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, அதனால்தான் அங்கே வெளிச்சத்தம் வருவதில்லை என்று நாமாக முடிவு கட்டிக்கொள்கிறோம். அந்த ஃபோம் உள்ளே பதிவாகும் குரல் தெளிவாக இருப்பதற்காக ஒட்டப்பட்டது. வெளிச்சத்தத்தைத் தடுப்பது அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிற கனத்த சுவரும் இரட்டைக் கதவும்தான்.

வகுப்பில் நான் செய்துகாட்டிய ஒரு சோதனையை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கைபேசியை ஒலிக்கவிட்டு ஒரு தலையணை உறைக்குள் போட்டுப் பாருங்கள். ஒலி மழுங்கும், ஆனால் கேட்கும். அதே கைபேசியை இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து அழுத்தி மூடுங்கள். ஒலி சட்டென்று அடங்கும். இப்போது மூடியை ஒரு நூல் அளவு மட்டும் தூக்கிப் பிடியுங்கள். அடங்கிய ஒலி முழுதும் திரும்பி வந்துவிட்டதுபோல இருக்கும். அறையைக் கட்டுகிறவர் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் ஏறக்குறைய முழுவதும் அந்தச் சம்படத்துக்குள் இருக்கிறது.

காற்றில் வரும் ஒலி சுவரை ஆட்ட வேண்டும். ஆடுகிற சுவர் மறுபக்கத்துக் காற்றை ஆட்ட வேண்டும். அப்போதுதான் ஒலி கடந்து போகிறது. ஆகவே சுவர் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அது அசையாது. சுவரின் எடையை இரு மடங்காக்கினால் ஏறத்தாழ 5 முதல் 6 டெசிபெல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) தடுப்புக் கூடும். இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் இருக்கும். அது 45 டெசிபெல் அளவுக்கு ஒலியைத் தடுக்கவல்லது. இரண்டு அங்குல ஃபோம் சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோகூட இருப்பது அரிது. அந்தச் சுவரின் எடையோடு இந்த எடையைச் சேர்த்தால் என்ன கூடிவிடும்? தாழ்ந்த சுரம் கனமில்லாத எதையும் எளிதாகக் கடந்துவிடும் என்பதால்தான், ஃபோம் ஒட்டிய பிறகும் தொப்பியின் அடி எங்கள் படுக்கையறைக்கு அப்படியே வந்து சேர்ந்தது.

சரி, நடுவில் நிற்பது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தானே, அது 50 டெசிபெல் தடுக்க வேண்டுமே, பிறகு ஏன் எங்களுக்கு இவ்வளவு கேட்டது என்ற கேள்வி எனக்கு எழுந்தது. ஒருநாள் இரவு இரண்டு வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டு, பையனைப் பரணில் ஏறி டார்ச்சை எங்கள் பக்கமாக அடிக்கச் சொன்னேன். எங்கள் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பொதுச்சுவர் ஓட்டைத் தொடவே இல்லை. உத்தரம் நுழையும் இடத்தைச் சுற்றி நான்கு விரல் சந்து. கைமரங்களுக்கு நடுவே பூச்சு உதிர்ந்த இடுக்குகள். வரிசையாக ஏழெட்டு இடங்களில் வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. எங்களுக்குக் கேட்ட ஒலியில் பெரும்பங்கு சுவர் வழியாக வந்ததல்ல. சுவருக்கு மேலே ஏறி வந்தது. இந்த இடுக்குகள் என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு உண்டு. 50 டெசிபெல் தடுக்கும் ஒரு சுவரில் நூற்றில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தால், மொத்தத் தடுப்பு 20 டெசிபெலாக விழுந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால்கூட 30 டெசிபெலைத் தாண்டாது. ஜன்னலுக்கு மேலே வைக்கிற வென்டிலேட்டர், கதவுக்கு அடியில் உள்ள அரை அங்குலச் சந்து, மின்வயர் போகும் ஓட்டை, ஏ.சி. குழாய்க்கு இடித்த துளை, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். வெளிச்சமும் காற்றும் போகும் இடத்தில் ஒலியும் போகும். எனவே அறையில் கை வைக்கும் முன் எல்லாரும் செய்ய வேண்டிய முதல் வேலை, இரவில் டார்ச் அடித்துப் பார்ப்பதுதான். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

அந்த ஓட்டுக் கூரையை வைத்துக்கொண்டு முன்னறையை மூடுவது ஆகாத காரியம் என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் அவர்கள் வீட்டு இரண்டாம் கட்டில், முன்பு பத்தாயம் இருந்த உள் நினைவுக்கு வந்தது. நெல் சேமிப்பதற்காகக் கட்டிய அறை, சுவர் ஒன்றரை அடி கனம், ஜன்னல் இல்லை, ஒரே ஒரு குட்டைக் கதவு, மேலே மரப் பலகை பரப்பி மண் கொட்டிய மச்சு. பத்தாயத்தை விற்று இருபது ஆண்டாகிறது. அறையில் உடைந்த கட்டிலும் தேங்காய் மட்டையும்தான் கிடந்தன. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஒலித் தடுப்புக்கென்று பெருந்தொகை செலவிட்டுப் பெறுவதில் பாதியை, பழைய வீட்டில் நம் பாட்டன்மார் எலிக்கும் திருடனுக்கும் பயந்து கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய வீடுகளை இடிக்க அவசரப்படுகிறவர்கள் இதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த அறையில் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பொதுச்சுவர் இருந்த பக்கத்தில், மூன்று அங்குல இடைவெளி விட்டு, உள்ளே நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைத் தனியாகக் கடைக்கால் போட்டு எழுப்பினோம். இரண்டு சுவரும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் ஒரு சுவரின் அதிர்வு மற்றதற்கு நேரே ஏறிவிடும். பிறகு இரண்டு சுவர் கட்டியதற்குப் பொருளே இல்லை. இதைக் கொத்தனாருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர் ஆண்டாண்டுக் காலமாகச் சுவரோடு சுவரைக் கவ்வவைத்துக் கட்டியே பழகியவர். இரண்டாம் வரிசையிலேயே ஒரு செங்கல்லைப் பழைய சுவருக்குள் செருகிவிட்டார். அதைப் பிடுங்கச் சொன்னபோது அவருக்கு மனத்தாங்கல்தான். அதைவிட நுணுக்கமான ஆபத்து ஒன்று உண்டு. கட்டும்போது பிதுங்குகிற கலவை இடைவெளிக்குள் விழுந்து, அடியில் குவிந்து கெட்டியாகி, இரண்டு சுவரையும் பாலம்போல் இணைத்துவிடும். கொத்தனாரே அதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு ரீப்பர் கட்டையில் சணல் சாக்கைச் சுற்றி, இரண்டு முனையிலும் கயிறு கட்டி இடைவெளிக்குள் இறக்கிவைத்தார். விழுகிற கலவையெல்லாம் சாக்கில் தங்கும். நாலு வரிசை எழும்பியதும் கயிற்றைப் பிடித்துத் தூக்கி உதறிவிட்டு மறுபடி இறக்குவார். சுவர் முடிந்தபோது இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தோம்; அடித்தரை துடைத்துவைத்தாற்போல் தெரிந்தது. ராக்வூல் என்னும், பாறை இழைகளால் ஆன எரியாத பஞ்சை அந்த இடைவெளியில் திணிக்கவில்லை. நம் ஊர்ச் சுவரில் ஓதம் ஏறும். மழைக்காலத்தில் உப்புப் பூத்து முழங்கால் உயரம்வரை பூச்சு உதிர்வதை இங்குள்ள எல்லா வீட்டிலும் பார்க்கலாம். ஈரம் ஏறும் சுவரை ஒட்டிப் பஞ்சுபோன்ற எதையும் வைத்தால் அது ஊறிப் பூசணம் பிடிக்கும்.

மச்சுப் பலகைகளின் இடுக்கை முதலில் அடைத்துவிட்டு, அதற்குக் கீழே, மச்சைத் தொடாமல், சுவருக்குச் சுவர் தாங்கும் இரும்புச் சட்டம் போட்டு, பன்னிரண்டரை மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டை இரண்டு அடுக்காக, மேலடுக்கின் மூட்டும் கீழடுக்கின் மூட்டும் ஒரே இடத்தில் வராதபடி திருகினோம். மேலே ஈரம் எட்டாது என்பதால் இங்கே மட்டும் இரண்டு அங்குல ராக்வூல் பரப்பினோம். மரச்சட்டம் மலிவுதான், ஆனால் கரையான் விடாது என்பதால் இரும்பு. ஓரங்களையெல்லாம் இறுகிப்போகாத, ரப்பர்போல் நெகிழ்ந்து நிற்கும் சீலண்ட் கொண்டு அடைத்தோம்.

தவிலுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது தரை. வாசிப்பவர் தரையில் அமர்ந்து அடிப்பதால், அதிர்வு காற்றைக் கேட்காமல் நேரே தரைக்குள் இறங்கிச் சுவருக்குப் போகிறது. மாட்டுக் கொட்டகையில் விரிக்கிற கனத்த ரப்பர் பாயை இரண்டு அடுக்கு போட்டு, அதன்மேல் சுவரைத் தொடாமல் ஆறுக்கு ஐந்தடியில் ஒரு பலகை மேடை அமைத்தோம். பால் பண்ணைப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கிய அந்தப் பாய், ஒலித் தடுப்புக்கென்று தனிப் பெயரிட்டு விற்பதைவிட மிகவும் மலிவு. இந்த ஒரு காரியத்தில் வேலை குறைவாகச் செய்யவுமில்லை.

கதவுக்கு அதிகம் யோசித்தோம். உட்புறம் வெற்றாக இருக்கும் ஃபிளஷ் டோர் 20 டெசிபெல் தடுத்தாலே பெரிது. சுவரை எவ்வளவு கனமாக்கினாலும் அந்தக் கதவு அதை வீணாக்கிவிடும். நல்வாய்ப்பாக, பழைய குட்டைக் கதவு இரண்டு அங்குலத் தேக்கு. அதன் நிலைச் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, அடியில் வாசற்படியை உயர்த்தி, இரண்டரை அடி தள்ளி இன்னொரு கனத்த கதவும் வைத்தோம். நடுவில் ஓர் ஆள் நிற்குமளவு இடம். ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது.

இனிமேல் சொல்லப்போவதை ஒலித் தடுப்பைவிட முக்கியமாகக் கருதுகிறேன். காற்றுப் போகாத அறையைத்தான் கட்டுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒலி புகாத அறையில் மூச்சுக்கும் காற்றுப் புகாது. வைகாசி வெயிலில், பத்துக்கு ஒன்பதடி அறையில், இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு ஒரு பையன் இரண்டு மணி நேரம் தவில் அடிப்பான் என்றால், அவனுக்குத் தலைவலியும் மயக்கமும் வராமல் இருக்குமா? ஏ.சி. வைத்தால் போதும் என்பார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆகவே, உள்ளே காற்று வர ஒன்று, வெளியேற ஒன்று என நான்கடி நீளமுள்ள இரண்டு பிளைவுட் பெட்டிகள் செய்து, உள்ளே மூன்று தடுப்புகள் வைத்துக் காற்று வளைந்து வளைந்து போகுமாறு அமைத்து, உட்புறம் துணி சுற்றிய ராக்வூல் பதித்து, ஒன்றில் சிறிய விசிறி பொருத்தினோம். காற்று வளைந்து போய்விடும். ஒலி ஒவ்வொரு வளைவிலும் மோதித் தேய்ந்துபோகும். இரண்டும் கொல்லைப் பக்கமாகத் திறக்கின்றன. இந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ‘ஒலி புகா அறை’ கட்டித் தருகிறேன் என்று எவரேனும் வந்தால், அவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுவரில் ஒட்டுகிற மலிவான ஃபோமும் தெர்மாகோலும் முட்டை அட்டையும் எளிதில் பற்றிக்கொள்பவை. பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் வரும் புகை நஞ்சு. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இசை விடுதியில், சத்தத்தைக் குறைப்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் மேடை வாணத்தின் பொறி பட்டு, சில நிமிடங்களில் பரவிய நெருப்பில் 100 பேர் மாண்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை நெருப்புக்குப் பறிகொடுத்தவர்கள் நாம். அன்று எரிந்தது கீற்றுக் கூரை. ஆனாலும் அடைபட்ட இடம், குறுகிய வழி, எளிதில் பற்றும் பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டங்களில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அமரும் அறையில் வெளிப்புறமாகத் திறக்கும் கதவு, உள்ளே தாழ்ப்பாள் இல்லாமை, எரியாத பொருள் ஆகியவற்றை விட்டுக்கொடுக்கவே கூடாது. முன்னறையில் ஒட்டியிருந்த ஃபோம் முழுவதையும் உரித்துவிட்டுத்தான் எங்கள் வேலையைத் தொடங்கினோம்.

இன்னொன்று, அடைத்த அறைக்குள் ஒலி வெளியேறாததால் வாசிப்பவரின் காதுக்கு அது கூடுதலாகிறது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பதும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. அதன்படி 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான் வருகிறது. தவில் அதை எளிதில் எட்டும். எனவே உள்ளே இரண்டு சுவரில், துணி போர்த்திய ராக்வூல் பலகைகளை மாட்டி எதிரொலியைக் குறைத்திருக்கிறோம். ஃபோமுக்கு உரிய வேலை எதுவோ அதை எரியாத பொருளால் செய்துகொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் காதடைப்பானும் போட்டுக்கொள்கிறான். முதலில் மறுத்தான், நாதம் கேட்காது என்றான். தன் குருவுக்கு ஒரு காது மந்தமாக இருப்பதை அவனே கவனித்த பிறகு மறுக்கவில்லை.

பயன் என்ன என்று கேட்பீர்கள். கைபேசிச் செயலியின் அளவு துல்லியமானதல்ல என்றாலும், ஒரே கைபேசியை ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் அளந்தால் வேறுபாட்டை நம்பலாம். எங்கள் படுக்கையறையில் முன்பு 68 காட்டிய கருவி இப்போது 43 காட்டுகிறது. 10 டெசிபெல் குறைந்தால் காதுக்கு ஓசை பாதியானதுபோல் தோன்றும் என்பதைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். முழு அமைதி என்று சொல்ல மாட்டேன். தொப்பியின் அடி, தூரத்தில் யாரோ நெல் குத்துவதுபோல, கவனித்தால் இன்னும் கேட்கிறது. என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறாள். மொத்தச் செலவு 1,60,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். அதில் ஒரு பகுதியை, பொதுச்சுவர் எனக்கும் உரியது என்ற முறையில், நான் ஏற்றுக்கொண்டேன்.

சட்டத்தைப் பற்றி வாசகர் எழுதியிருந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் அரங்கம்போன்ற மூடிய இடங்களுக்கு உள்ளே தவிர, வாத்தியங்கள் உட்பட ஒலி எழுப்பும் கருவிகளைப் பயன்படுத்தலாகாது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. தூங்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால், நம் பகுதியில் சாதகத்துக்கென்று தொன்றுதொட்டு ஒதுக்கப்பட்ட நேரம் சரியாக அந்த ஆறு மணிக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான். என் சிறு வயதில் அது யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை. ஊருக்கு வெளியே மாந்தோப்பும் மூங்கில் கொல்லையும் காவிரிப் படித்துறையும் இருந்தன. அங்கே போய் வாசித்தார்கள். தோப்புகள் மனைகளாகிவிட்டன. படித்துறைக்கு எதிரே வீடுகள் வந்துவிட்டன. வாசிக்கிறவர்கள் வீட்டுக்குள் வந்துசேர்ந்தது அவர்கள் செய்த குற்றம் அல்ல.

நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும், தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இந்தப் பகுதியின் பெயரை இசையுலகில் நிறுத்தியவர்கள். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில், ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். வாத்தியத்துக்குக் குறியீடு வாங்கிக்கொடுத்துவிட்டு, அதை வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு விடியற்காலையில் உட்கார இடமில்லாமல் செய்தால், அந்தக் குறியீட்டால் யாருக்குப் பயன்? எல்லார் வீட்டிலும் பத்தாய உள் இருக்காது. எல்லாராலும் ஒன்றரை லட்சம் செலவிட முடியாது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்ச் சம்பாதிக்கும் குடும்பங்களின் நிலை எனக்குத் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே கிடையாது.

ஆகவே, கலை பண்பாட்டுத் துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும், டெல்டா மாவட்டங்களில் உள்ள அரசு இசைப் பள்ளிகளிலும், முறையான கனச்சுவரும் இரட்டைக் கதவும் காற்றுப் பெட்டியும் கொண்ட சாதக அறைகள் இரண்டிரண்டு கட்டி, அவற்றை விடியற்காலை நான்கு மணி முதல், அந்த நிறுவனத்தில் பயிலாத பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும். வகுப்பு தொடங்கும்வரை பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள்தாமே அவை. இரண்டாவதாக, அரசு பாலிடெக்னிக் கல்லூரிகளின் கட்டடவியல் துறையினர், நம் ஊர்ச் செங்கல்லையும் நம் ஊர்க் கொத்தனார்களையும் கொண்டே கட்டக்கூடிய ஒரு சாதக அறையின் வரைபடத்தை, செலவுக் கணக்குடன் எளிய தமிழில் அச்சிட்டுக் கொடுக்க முன்வர வேண்டும். மாணவர்களுக்கு அது நல்ல பயிற்சியாகவும் அமையும்.

முட்டை அட்டை யோசனையை எழுதிய வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். அவர் பக்கத்து வீட்டில் யாரேனும் வாத்தியம் பழகி, அதனால் அவர் தூக்கம் கெட்டு எழுதியிருந்தால், காவல் நிலையத்துக்குப் போகும் முன், ஒருநாள் இரவு அந்த வீட்டாரோடு சேர்ந்து விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கட்டும். எங்கள் ஊர் அறையை நேரில் பார்க்க விரும்பினால், தங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால் போதும். நான்கரை மணிக்கு என் வீட்டுப் படுக்கையறையில் நின்று கேட்டுவிட்டு, பிறகு அடுத்த வீட்டுக்குப் போய் இரண்டு கதவையும் திறந்து உள்ளே கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
குத்தாலம் வட்டம்,
மயிலாடுதுறை மாவட்டம்.